பனிக்குப் போட்ட சட்டிகள்

கடுகளவு சிலந்தி ஒன்று குடும்பத்துக்குள் புகுந்து இப்படி ஆட்டிவைக்கும் என்று போன வருஷம் யாராவது சொல்லியிருந்தால் துர்காதேவி சிரித்திருப்பாள். இத்தனைக்கும் சிலந்திதான் அவள் படித்த படிப்பு. விருத்தாசலத்தில் ஒரு தனியார் கல்லூரியில் விலங்கியல் நடத்துகிறாள். நெல் வயல் சிலந்திகளைப் பற்றி ஆராய்ச்சி செய்து பட்டம் வாங்கியவள். கல்யாணமான புதிதில் புருஷன் வீட்டுக்காரர்கள், ஒட்டடை அடிக்க வேண்டியதைப் போய் உட்கார்ந்து படித்திருக்கிறாளே என்று வாய்விட்டே கேட்டார்கள். அவளும் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

புருஷன் சிங்காரவேல் பீங்கான் தொழிற்பேட்டையில் ஷெட் எடுத்துத் தொழில் நடத்துகிறவன். பியூஸ் கட்டை, அகல் விளக்கு, பொம்மை என்று ஓடிக்கொண்டிருந்தவனுக்குச் சென்னை ஏற்றுமதிக்காரர் ஒருவர் மூலமாக ஒரு விநோதமான ஆர்டர் வந்தது. எங்கோ நடுக்கடலில் ஒரு தீவு. குடியிருக்கிற சனம் கிடையாது. பறவைகளைப் பார்த்துக்கொள்கிற நாலு ஆராய்ச்சிக்காரர்கள் மட்டும் கொட்டகை போட்டுத் தங்கியிருக்கிறார்கள். அங்கே கடற்பறவைகள் முட்டையிட, வாய் சிறுத்த, மெருகு பூசாத சட்டிகள் வேண்டுமாம். சிங்காரவேலுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. விருத்தாசலத்துச் சட்டியில் வெளிநாட்டுப் பறவை குஞ்சு பொரிக்கப்போகிறது என்று டீக்கடை வரைக்கும் சொல்லிவிட்டான்.

சட்டிகள் போய்ச் சேர்ந்தன. கொஞ்ச காலம் கழித்துத் தீவிலிருந்து தகவல் வந்தது. சட்டிகளைச் சுற்றி, அந்தத் தீவில் இதுவரை இல்லாத பொடிச் சிலந்திகள் பெருகுகின்றன. அந்த மண்ணின் சின்னச்சின்னப் பூச்சிகளை அவை தின்று தீர்க்கின்றன. அங்கிருந்த ஆராய்ச்சிக்காரர் ஒருவர் பார்த்துவிட்டு, இது தென்னிந்திய நெல் வயல் சிலந்தி, பெட்டியில் அடைத்த வைக்கோலில்தான் வந்திருக்கிறது என்று பெயரோடு எழுதிவிட்டார்.

வைக்கோல் என்றதும் சிங்காரவேலின் கண் நேராகக் கொளஞ்சியம்மாள் மேல் போனது. அவள்தான் பேக்கிங் பகுதிக்கு மூத்தவள். நல்லூரில் தன் தம்பி கழனியிலிருந்து வைக்கோல் கொண்டுவருகிறவளும் அவள்தான். வெளிநாட்டுக்குப் போகிற வைக்கோலைச் சூளையை ஒட்டிய சூட்டறையில் போட்டு நன்றாக வாட்டிவிட்டுத்தான் சுற்ற வேண்டும் என்பது கட்டளை. அவள் வாட்டாத வைக்கோலைத் திணித்துவிட்டாள் என்று அவனே தீர்ப்பு எழுதிவிட்டான். ஷெட்டில் அத்தனை பேருக்கும் முன்னால் நிற்கவைத்து, இத்தனை பேர் சோற்றில் மண்ணை அள்ளிப் போட்டுவிட்டாயே, சோம்பேறி முண்டமே என்று வாய்க்கு வந்தபடி பேசி வெளியே அனுப்பிவிட்டான். ஒவ்வொரு வைக்கோல் கட்டையும் வாட்டினேன் என்று அவள் சொன்னதை ஒருவரும் காதில் வாங்கவில்லை. அன்றைக்குச் சாப்பிடும்போது அவன் இதைச் சொன்னான். துர்காதேவி ரசம் ஊற்றிக்கொண்டே கேட்டுக்கொண்டாள்.

அடுத்த லோடு சென்னைக் கிடங்கில் காத்திருந்தது. சந்தேகமில்லாமல் தெரிந்தால்தான் கப்பலேற்றுவேன் என்று ஏற்றுமதிக்காரர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். என் சம்சாரமே சிலந்தி படித்தவள்தான் என்று சிங்காரவேல் மார்தட்டினான். தீவில் பிடித்த சிலந்திகள் சாராயக் குப்பிகளில் மிதந்தபடி அவளைத் தேடி வந்து சேர்ந்தன. அவள் ஆமாம் என்று ஒரு வார்த்தை எழுதினால் போதும், வைக்கோலை நிறுத்திவிட்டு அட்டைத்தாளில் சுற்றி அனுப்பிவிடலாம் என்று அவன் கணக்குப் போட்டான்.

கல்லூரி ஆய்வகத்தில் மத்தியான வேளையில் அவள் குப்பிகளைத் திறந்தாள். முதல் குப்பியிலிருந்தவை எல்லாம் குஞ்சுகள். இரண்டாவதிலும் குஞ்சுகள். அவளுக்கு எரிச்சல் வந்தது. தொட்டிலில் கிடக்கிற குழந்தையைப் பார்த்து இது இன்னார் வீட்டுப் பிள்ளை என்று சொல்வதைப் போலத்தான், சிலந்திக் குஞ்சைப் பார்த்துப் பெயர் சொல்வது. வளர்ந்த பெண் சிலந்தியின் அடிவயிற்றில் இருக்கும் சின்னத் தகட்டைப் பார்க்காமல் எந்த யோக்கியனும் பெயர் எழுத மாட்டான். தீவுக்காரர் எழுதிவிட்டார். அந்தப் பெயரை நம்பி ஒரு பெண்பிள்ளையின் மானம் போய்விட்டது.

கடைசிக் குப்பியில் வளர்ந்த பெண் சிலந்தி ஒன்று இருந்தது. அவள் அதைப் புரட்டிப்போட்டு உருப்பெருக்கியில் பார்த்தாள். தகட்டைப் பார்த்தாள், கண்களின் வரிசையைப் பார்த்தாள், திரும்பவும் தகட்டைப் பார்த்தாள். நெல் வயல் சிலந்தி அவளுக்குக் கூடப்பிறந்தது மாதிரி. இது அது இல்லை. இது வைக்கோல் பக்கமே தலைவைத்துப் படுக்காத ஜாதி; சுவர் இடுக்கிலும் கருவேலம் புதரிலும் இருந்துகொண்டு, இருட்டான பொந்து கிடைத்தால் உள்ளே போய் முட்டை வைத்துப் பட்டு நூலால் மூடி ஒட்டிவிடும்.

அப்பாடா, கொளஞ்சியம்மாள் தப்பித்தாள் என்று ஒரு நிமிஷம் சந்தோஷமாகத்தான் இருந்தது. அடுத்த நிமிஷமே இன்னொன்று உறைத்தது. இருட்டான பொந்து என்றால் எது? வாய் சிறுத்த சட்டி.

சிங்காரவேலுக்கு ஒரு வழக்கம் உண்டு. அவன் அப்பா காலத்திலிருந்து வருவது. சூளையிலிருந்து எடுத்த மெருகில்லாத சட்டிகளை ராத்திரி முழுக்க ஷெட்டை ஒட்டிய களத்தில் பனிக்குப் போட்டுவைப்பான். கண்ணுக்குத் தெரியாத மயிரிழை விரிசல் பனித்தண்ணீரைக் குடித்துக் காலையில் கறுப்புக் கோடாகத் தெரிந்துவிடும். கோடு விழுந்ததை உடைத்துவிட்டு மற்றதைப் பெட்டியில் கட்டச் சொல்லுவான். என் சரக்கில் ஒரு விரிசல் காட்டு பார்ப்போம் என்று சவால் விடுகிறவன் அவன். அந்தப் பறவைச் சட்டிகளை அவன் நம்பிக்கை வராமல் திரும்பத் திரும்பப் பனிக்குப் போட்டான். களத்தின் ஓரத்தில் வேலியாக நிற்பது கருவேலம் புதர்.

மறுநாள் காலையில் அவள் களத்துக்குப் போய், பனிக்குக் கிடந்த சட்டிகளுக்குள் டார்ச் அடித்துப் பார்த்தாள். சுண்டுவிரல் நகமளவு வெள்ளைப் பட்டு மூட்டைகள் உள்சுவரில் ஒட்டியிருந்தன. ஒன்றில் தாய்ச் சிலந்தியும் இருந்தது. பிடித்துக்கொண்டுபோய் ஒப்பிட்டாள். அச்சு அசலாக அதுவேதான்.

அவள் ஒளிக்காமல் புருஷனிடம் சொன்னாள். முதலில் அவன் நம்பவில்லை. அப்புறம் உன் படிப்பைக் கொண்டுபோய் உடைப்பில் போடு என்றான். கடைசியில் முகத்தில் ஈயாடாமல் உட்கார்ந்துவிட்டான். கிடங்கில் இருக்கிற லோடையும் பிரித்துச் சட்டிகளைச் சுட வேண்டும், இல்லாவிட்டால் இன்னும் கொஞ்சம் சிலந்தியை நாமே கப்பலேற்றுகிறோம் என்று அவள் விளக்கினாள். அதற்கு அவன் ஒப்புக்கொண்டான். தீவுக்கும் சென்னைக்கும் உள்ளதை உள்ளபடியே எழுதிக்கொள், அவர்கள் என்ன என் முகத்தையா பார்க்கப்போகிறார்கள் என்றான். ஷெட்டில் மட்டும் மூச்சுவிடக் கூடாது என்றான்.

"அப்ப கொளஞ்சியம்மா?" என்று அவள் கேட்டாள்.

"வேலைக்குக் கூப்பிட்டுக்கறேன். அதுக்கு மேல என்னா வேணுமாம்?"

அதற்கு மேலும் வேண்டியிருந்தது. சூளைக்கு நெருப்புப் பார்க்கிற தனக்கோடி அந்தச் சேதியைக் கொண்டுவந்தான். கொளஞ்சியம்மாள் மணவாளநல்லூர் கொளஞ்சியப்பர் கோயிலுக்குப் போய்ப் பிராது கட்டிவிட்டாளாம். பேர் எதுவும் எழுதவில்லையாம். பூச்சி போனதுக்கு யார் காரணமோ அவர்களை நீயே கேளு சாமி என்று எழுதி முனியப்பர் வேலில் கட்டிவிட்டு வந்தாளாம். இந்தப் பக்கத்து ஆள் எவனும் போலீஸுக்குப் பயப்படுகிறானோ இல்லையோ, அந்தப் பிராதுக்குப் பயப்படுவான். சிங்காரவேலுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பிராது கட்டியவளே போய், வாபஸ் வாங்கிக்கொள்கிறேன் என்று ராஜினாமா கொடுத்தால்தான் அது தீரும்.

அன்று சாயங்காலமே துர்காதேவியை நல்லூருக்குப் போய்க் கொளஞ்சியம்மாளிடம் பேசச் சொன்னான். பஸ்ஸில் உட்கார்ந்திருந்தபோது அவளுக்குத் தன்மேலேயே வெறுப்பாக இருந்தது. உண்மையைச் சொல்லப் போகிறோமா, புருஷனுக்காகத் தூது போகிறோமா என்று அவளுக்கே விளங்கவில்லை.

கொளஞ்சியம்மாள் வீட்டு வாசலில் விறகு ஒடித்துக்கொண்டிருந்தாள். உட்காரச் சொன்னாள், தண்ணீர் கொடுத்தாள். துர்காதேவி எல்லாவற்றையும் சொன்னாள். பனிக்குப் போட்டதையும் விடவில்லை. கேட்டு முடிக்கிற வரைக்கும் அந்தம்மாள் ஒடித்த குச்சியைக் கையில் வைத்தபடியே இருந்தாள்.

"நானே நம்பிட்டேன் டீச்சரம்மா" என்றாள். "ஏதோ ஒரு கட்டு வாட்டாம போயிடுச்சோன்னு. தம்பி பொண்டாட்டிகூட எங்க வைக்கோலுக்கா இந்தப் பேருன்னு கேட்டுட்டா. தெனம் அதையே நெனச்சு நெனச்சு, நாந்தான் செஞ்சிருப்பேன்னே ஆயிப்போச்சு."

துர்காதேவிக்கு அழுகை வந்துவிட்டது. மறுநாள் ஷெட்டுக்கு வரும்படியும், சிங்காரவேலே எல்லாருக்கும் முன்னால் உள்ளதைச் சொல்லிவிடுவான் என்றும் வாக்குக் கொடுத்தாள். அவனைக் கேட்காமல் கொடுத்த வாக்கு அது. வீட்டுக்கு வந்து சொன்னபோது சிங்காரவேல் குதிகுதியென்று குதித்தான். பிராதை நினைத்துக்கொண்டு கடைசியில் சரி என்றான்.

காலையில் கொளஞ்சியம்மாள் நல்ல புடவை கட்டிக்கொண்டு வந்தாள். ஷெட்டுக்குள் வரவில்லை, வாசற்படியிலேயே நின்றாள். வேலைக்காரர்கள் எல்லாரும் கையைத் துடைத்துக்கொண்டு கூடினார்கள். சிங்காரவேல் தொண்டையைச் செருமிக்கொண்டான்.

"பூச்சி வைக்கோல்லேருந்து வரலியாம். டெஸ்ட் பண்ணிப் பாத்தாச்சு. கொளஞ்சியக்கா மேல தப்பு இல்ல. இன்னையிலேருந்து வேலைக்கு வரட்டும்."

சொல்லிவிட்டு நகரப் பார்த்தான். தனக்கோடிதான் கேட்டான், அப்போது பூச்சி எங்கிருந்துதான் வந்ததென்று. எங்கேயிருந்தோ வந்தது, கப்பலில் ஏறியிருக்கும் என்றான் சிங்காரவேல். துர்காதேவிக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. கண்காணாத தீவில் இருக்கிறவர்களுக்கெல்லாம் இவன் களத்தில் நடந்தது தெரியும். பேச்சு வாங்கியவளுக்கு முன்னால் சொல்ல மட்டும் நாக்கு எழவில்லை.

"நம்ம களத்துலேருந்துதான் போச்சு" என்று அவளே சொன்னாள். "பனிக்குப் போட்ட சட்டிக்குள்ள முட்டை வச்சிருக்குது. போடச் சொன்னது இவருதான்."

சிங்காரவேல் பெண்டாட்டியைப் பார்த்த பார்வையில், இனி வீட்டில் என்ன நடக்கும் என்பது அவளுக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்தும் கொளஞ்சியம்மாளைப் பார்த்தாள். அந்த முகத்தில் ஒரு நிம்மதி வரும் என்று எதிர்பார்த்தாள்.

"நீங்க நல்ல மனசு, சொன்னீங்க" என்றாள் கொளஞ்சியம்மாள். "நீங்க சொல்லி எனக்கு என்னா ஆவப்போவுது டீச்சரம்மா? என்னைப் பேசுன வாய் சொல்லணும்."

எல்லாரும் அவனைப் பார்த்தார்கள். அவன் வாயைத் திறந்தான்.

"தனக்கோடி, சூளையில நெருப்பு எறங்குது பாரு" என்றான்.

கொளஞ்சியம்மாள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, போயிட்டு வரேன் என்றுகூடச் சொல்லாமல், நல்லூர் பஸ்ஸுக்கு நடந்தாள்.