கழற்றி மாட்ட வசதியாக

சோதனை ஓடிக்கொண்டிருந்தது. தெசிஸ்லாவா திரையைப் பார்க்காமல், ஆறிப்போன பனிட்சா அப்பத்தைப் பிய்த்துப் பிய்த்துக் காகிதத்திலேயே போட்டுக்கொண்டிருந்தாள். பக்கத்து நாற்காலியில் ராதோஸ்தின், கையைக் கட்டிக்கொண்டு.

சோதனையில் இருந்தது, வங்கிகளும் ஆஸ்பத்திரிகளும் செய்தியைப் பிறர் படிக்க முடியாதபடி பூட்டி அனுப்புவதற்கான நிரல். உள்ளே இருந்த பூட்டுகள் எல்லாம் ராதோஸ்தின் எழுதியவை. மனுஷனுக்கு இளமையே அதில்தான் போயிற்று. போன குளிர்காலம் முழுக்க, ப்ளோவ்திவ் நகரத்தின் அந்தச் சின்ன அலுவலகத்தில் இருவரும் உட்கார்ந்து அதற்குப் புது இடைமுகம் வடிவமைத்தார்கள். வெளியே ஒரே வாசல். உள்ளே எந்தப் பூட்டையும் கழற்றி வேறொன்றை மாட்டலாம். வாடிக்கையாளர் ஒரு வரிகூட மாற்ற வேண்டாம். ஒவ்வொரு பெயருக்கும் சண்டை போட்டுச் சண்டை போட்டு வைத்தார்கள்.

அந்த நேர்த்தியைப் பார்த்த முதலாளிக்கு வேறு யோசனை வந்தது. வெளியிலிருந்து மலிவாகப் பூட்டுகளை வாங்கிவிட்டார். "மாட்டிப் பாரு, தெசி. ஒத்து வந்துட்டா ராதோஸ்தினுக்கு இங்க வேலையில்ல. வரலைன்னா அவரே இருக்கட்டும்." மாட்டுகிற பாழாய்ப்போன வேலை அவள் தலையிலேயே விழுந்தது.

திரை சிவந்தது. ஒத்து வரவில்லை.

அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. "பாத்தீங்களாண்ணே, வாங்கின சரக்கு நம்மகிட்ட ஒட்டாது. நான் போய் முதலாளிகிட்ட சொல்லிட்டு வரேன்."

"உக்காரு." அவர் கண்ணாடியை மூக்கில் இறக்கிக்கொண்டு குனிந்தார். "சாவியோட நீளத்தை பிட்டுல குடுத்திருக்க. நம்ம வாசல் பைட்டுல கேக்குது. அளவே எட்டு மடங்கு தப்பு. நேத்து சேந்தவன் பண்ற தப்பு இது. உனக்கு என்ன ஆச்சு?"

"தெரிஞ்சுதாண்ணே போட்டேன். விட்டுடுங்க."

அவர் அவளையே பார்த்தார். அவருக்குக் கண் கலங்கிவிட்டது. "பைத்தியம். நம்ம இடைமுகம் சரியில்லன்னுல்ல சொல்வாங்க?"

"சொல்லிட்டுப் போகட்டும். இந்த வயசுல உங்களுக்கு யாருண்ணே வேலை குடுப்பா?"

அவர் விசைப்பலகையைத் தன் பக்கம் இழுத்து, எண்ணைத் திருத்தினார்.

வரிசை வரிசையாகப் பச்சை வந்தது. ஒன்றாவது உடையாதா என்று அவள் வேண்டிக்கொண்டே இருந்தாள். ஒன்றும் உடையவில்லை.

"எவ்ளோ சுத்தமா உக்காருது பாரு," என்றார் ராதோஸ்தின். அவர் குரலில் பெருமைதான் இருந்தது.

முதலாளி உள்ளே வந்தார். பச்சையைப் பார்த்துவிட்டு, "பிரமாதம்" என்று அவள் கையைப் பிடித்துக் குலுக்கினார். அவர் உட்கார இடமில்லாததைப் பார்த்து, ராதோஸ்தின் எழுந்து தன் நாற்காலியை அவர் பக்கம் நகர்த்திப் போட்டார்.