மிட்டாய்க் குரல்காரி

பள்ளிச் சீருடை தைக்கும் கம்பெனியில், காஜா மெஷினில் உட்கார்ந்து சட்டைகளுக்குப் பட்டன் ஓட்டை போட்டுக்கொண்டிருந்தபோது அவளுக்கு அந்த அழைப்பு வந்தது. தொண்ணூறுகளின் இசையைப் பற்றி ஆவணப்படம் எடுக்கிறோம், உங்கள் வீட்டுக்கு வரலாமா என்று ஒரு பெண் கேட்டாள். வாங்க என்ற ஒரு சொல் வருவதற்குள் இரண்டு சட்டை வீணாகிவிட்டது.

அந்தப் பத்து வருடமும் அவள் குரல் இல்லாத கடைவீதி கிடையாது. பேருந்தில், சலூனில், கல்யாண ஊர்வலத்தில் அவள்தான். பத்திரிகைகள் மிட்டாய்க் குரல் என்று எழுதின. அவளுடைய தம்பியோ வீட்டுக்குப் பின்னால் இருந்த கார் ஷெட்டில் மூன்று நண்பர்களோடு கத்திக்கொண்டிருந்தான். எல்லாரும் அவனைக் கரி என்று கூப்பிட்டார்கள். அவன் பாட்டை எந்த வானொலியும் போட்டதில்லை. நாற்பது பேர் கேட்டிருந்தால் அதிகம். அவன் கிட்டாரும் பதிவு செய்கிற டேப்ரெக்கார்டரும் அவள் வாங்கிக் கொடுத்தவை. கல்லீரல் கெட்டு அவன் படுத்தபோது ஸ்பூனால் ஊட்டி, துணி மாற்றி, கடைசிவரை பார்த்ததும் அவள்தான்.

சனிக்கிழமை காலையில் தலைக்குச் சாயம் பூசி, நல்ல உடையை இஸ்திரி போட்டு உடுத்திக் காத்திருந்தாள். வந்த இயக்குநர் முப்பது வயதுப் பெண். கேமராக்காரர் நாற்காலியை ஜன்னலோரம் நகர்த்தினார். அவள் கனைத்துக்கொண்டு, "பாடணுமா? ரெண்டு வரி பாடட்டுமா?" என்றாள்.

இயக்குநர் சிரித்தாள். "இல்ல மேடம், கரியோட அக்கான்னுதான் உங்கள எடுக்கறோம். அந்த ஷெட் இன்னும் இருக்கா?"

"இருக்கு. என் பாட்டு?"

"அது படத்துல வராது. கடையில வித்த சரக்குதானே மேடம். நாங்க தேடறது அந்தக் காலம் நெஜமா எப்படி இருந்துச்சுங்கறத."

கரியின் புகைப்படத்தை மடியில் வைத்துக்கொள்ளச் சொன்னார்கள். வைத்துக்கொண்டாள்.

"இப்போ ஒரு பாட்டு போடறேன். அவரோட நண்பர்கிட்ட கெடச்சு, நெட்ல பரவிடுச்சு. இன்னிக்கு காலேஜ் பசங்கல்லாம் இதத்தான் மனப்பாடமா பாடறாங்க. கேட்டுட்டு உங்களுக்குத் தோணறதச் சொல்லுங்க."

கிட்டார் கரகரத்தது. பிறகு தம்பியின் குரல், நோயில் வறண்ட குரல்:

பக்கத்து ரூம்ல பொம்ம ஒண்ணு,
சாவி குடுத்தா சிரிக்கும்,
அறுத்துப் பாத்தேன் உள்ள என்ன,
பஞ்சு, வெறும் பஞ்சு.

நடுவில் கரி அவளுடைய பாட்டையே மூக்கால் பாடிக் காட்டினான். நண்பர்கள் சிரித்தார்கள். கேமரா அவள் முகத்துக்கு அருகே வந்தது.

"இந்தப் பாட்ட முன்னாடியே கேட்டிருக்கீங்களா?"

"இல்ல."

"எப்ப பதிவு பண்ணாருன்னு தெரியுமா?"

அவளுக்குத் தெரிந்தது. பாட்டின் பின்னணியில் தண்ணீர்க் குழாய் ஓடிக்கொண்டிருந்தது. அவன் அழுக்குத் துணியை அவள் அலசிக்கொண்டிருந்த சத்தம் அது.

"தெரியாது," என்றாள்.

கிளம்பும்போது இயக்குநர் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "வேற டேப் ஏதாவது இருக்கா மேடம்? இருந்தா அது பொக்கிஷம்."

"பதினொண்ணு இருக்கு. எடுத்து வைக்கறேன், திங்கக்கிழம வாங்க."

அன்று பகலிலேயே ஷெட்டைத் திறந்து பெட்டியை எடுத்து வந்தாள். டேப்ரெக்கார்டரின் ஹெட்டைப் பஞ்சால் துடைத்தாள். முதல் கேசட்டைப் போட்டு, சிவப்புப் பொத்தானை அழுத்தி, தன் பாட்டைப் பாட ஆரம்பித்தாள். குரல் உடைந்தது, மேலே ஏறவில்லை. முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து பாடினாள். சனி, ஞாயிறு இரண்டு நாளும் பாடினாள். முடியாதபோது சும்மா உட்கார்ந்திருந்தாள். மெஷின் அவள் மூச்சைப் பதிவு செய்துகொண்டு சுற்றியது. எந்த டேப்பையும் அவள் போட்டுக் கேட்கவில்லை.

பதினோராவது கேசட்டில் ஐந்து நிமிடம் மிச்சமிருந்தபோது தொண்டை சுத்தமாகப் போய்விட்டது. நிறுத்திவிட்டு, பதிவாகியிருக்கிறதா என்று பார்க்க ஓடவிட்டாள். அவள் குரல் அறுந்த இடத்தில் தம்பி யாரிடமோ பேசிக்கொண்டிருந்தான்.

"சும்மா நக்கல் பண்ணிட்டு இருக்கோம், ஆனா அக்கா அந்த மூணாவது வரியில ஒரு இழுப்பு இழுப்பா பாரு. செத்தாலும் எனக்கு அது வராதுடா. பொறாமையா இருக்கு."

நண்பன் என்னவோ சொன்னான். "போடா, அவகிட்ட போய் சொல்லிடாத," என்றான் கரி.

மூன்று முறை ஓடவிட்டுக் கேட்டாள். மூன்றாம் முறை அழுதாள். மற்ற பத்தில் என்ன இருந்திருக்கும் என்று ஒவ்வொன்றாகக் கையில் எடுத்துப் பார்த்தாள். அப்புறம் கண்ணைத் துடைத்துக்கொண்டு, வராத குரலிலேயே அதன் மேலும் பாடினாள். அவன் அதை நண்பனிடம் சொன்னான், அவளிடம் சொல்லவில்லை.

திங்கட்கிழமை பெட்டியை வாங்கிப்போன இயக்குநர் மாலையில் தொலைபேசியில் அலறினாள். "என்ன காரியம் பண்ணிட்டீங்க! பைத்தியமா உங்களுக்கு?"

"டேப்பு என்னுது. நான் வாங்கினது," என்று சொல்லி வைத்துவிட்டாள்.

ஆறு மாதத்தில் படம் வந்தது. கடைசி இருபது நிமிடம் முழுக்க அவள்தான். ஒரு தலைமுறையின் குரலை அழித்தவள் என்று எழுத்து ஓடியது. சாட்சியாக அவள் பாடிய பதிவைப் போட்டார்கள். யாரோ அவள் வீட்டுக் கதவில் அடுப்புக்கரியால் 'பஞ்சு' என்று எழுதிவிட்டுப் போனார்கள்.

கம்பெனியில் சூப்பர்வைசர் அவளைத் தனியாகக் கூப்பிட்டார். அவர் கல்யாணத்தில் மேடை ஏறிப் பாடியது அவள்தான்.

"கரி எவ்வளவு பெரிய ஆளு! நாங்கல்லாம் அப்பவே அவன் பாட்டுதான் கேப்போம். சொந்தத் தம்பிக்கு இப்படிப் பண்ண எப்படிம்மா மனசு வந்துச்சு?"

அவள் அவரை நிமிர்ந்து பார்த்தாள். "படம் நீங்க பாத்தீங்களா?"

"பாத்தேன்."

"என் பாட்டு முழுசா வந்துச்சா?"

"இல்ல, ரெண்டு வரிதான். அப்புறம் நிறுத்திட்டாங்க."

"மூணாவது வரி வரலயா?"

"வரல," என்றார் அவர், எதற்குக் கேட்கிறாள் என்று புரியாமல்.

அவள் தலையாட்டிவிட்டு மெஷினுக்குத் திரும்பினாள். மதியத்துக்குள் இருநூறு சட்டைக்கு ஓட்டை போட வேண்டியிருந்தது.