மூன்றாம் ஓலையும் முதல் வாய்தாவும்

எனக்கு மாமனாராகப் போகிற பாஸ்கல் கனத்த மனிதர். அவரைச் சைக்கிளின் பின்னால் உட்காரவைத்து மிதித்தது என் தப்புதான். மூன்று ஞாயிறு கோயிலில் வாசிக்க வேண்டிய கல்யாண ஓலைக்குப் பெயர் கொடுக்கப் பங்குச்சாமியாரிடம் போய்க்கொண்டிருந்தோம். துறைமுகச் சாலையில் போலீஸ்காரர் ஹென்றி மறித்தார். ஒரு சைக்கிளில் இரண்டு பேர் போகக் கூடாதாம். என் பெயரை எழுதிக்கொண்டு, கோர்ட்டிலிருந்து சம்மன் வரும், தேதி அதில் இருக்கும் என்றார்.

தேதி என்றதும், அது கல்யாணத்தன்று விழுந்துவிடக் கூடாதே என்று மாதாவை வேண்டிக்கொண்டேன். 1947 நவம்பர் 24, திங்கள், காலை ஒன்பது மணிக்கு எனக்கும் கிளாடிஸுக்கும் கல்யாணப் பூசை. அதை விட்டால் ஆகமன காலம். கிறிஸ்மஸ் கழியும்வரை கோயிலில் தாலி கட்ட முடியாது. நானோ டிசம்பர் முதல் தேதி கொழும்பு வேலைக்குத் திரும்பியாக வேண்டும். தினமும் கோர்ட்டுக்கு நடந்தேன். தேதி இன்னும் போடவில்லை, போய் வா என்று குமாஸ்தா திருப்பி அனுப்பினார்.

கடைசி ஞாயிறு வந்தது. அம்புரோஸ், கிளாடிஸ் என்று எங்கள் பெயர்களைச் சொல்லி மூன்றாம் ஓலையை வாசித்த சாமியார், இந்தக் கல்யாணத்துக்குத் தடை ஏதும் அறிந்தவர்கள் சொல்ல வேண்டும், மறைத்தால் பாவம் என்றார். ஹென்றி எழுந்து நின்றார்.

"தடை இருக்கு சாமி."

கொழும்பில் எனக்கு ஒரு பெண்டாட்டியும் இரண்டு பிள்ளைகளும் இருப்பதாகப் பாதிப் பேர் அதற்குள் முடிவு கட்டிவிட்டார்கள். பாஸ்கல் பார்த்த பார்வையில் நான் பொசுங்கிப்போனேன்.

"நாளைக்குப் பத்து மணிக்கு அம்புரோஸுக்குக் கோர்ட்ல வாய்தா. சம்மன் நேத்து சாயந்தரந்தான் என் கைக்கு வந்துச்சு. மறைச்சா பாவம்னு சொன்னீயள்லா, அதான் சொல்லுதேன்."

சாமியார் பீடத்துப் பக்கம் திரும்பிக்கொண்டு சிரித்தார். பூசையைக் காலை ஐந்தரைக்கு மாற்றிவிட்டார்.

மறுநாள் தாலி கட்டிய கையோடு, மாலையும் கழுத்துமாகக் கோர்ட்டுக்குப் போனோம். கல்யாணக் கூட்டம் மொத்தமும் பின்னால் வந்தது. ஏதோ பெரிய வழக்கு போலும் என்று வழியில் நின்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். என் பெயரைக் கூப்பிட்டதும் கூண்டில் ஏறினேன். குற்றத்தை ஒத்துக்கொள்கிறாயா என்று மாஜிஸ்திரேட் கேட்டார்.

சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. காலையில் சாமியார் கேட்டதற்குச் சொன்ன பதில்தான் நாவில் நின்றது.

"மனப்பூர்வமாகச் சம்மதிக்கிறேன்."

மாஜிஸ்திரேட் என் மாலையைப் பார்த்தார். வாயைக் கையால் மூடிக்கொண்டே ஒரு ரூபாய் அபராதம் என்றார். வாசலில் நின்ற கிளாடிஸ் வாய்விட்டுச் சிரித்தாள். அவள் சிரித்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை.