எல்லாரும் ஏறியாச்சு

பஸ் கிளம்புவதாக இல்லை.

சோணைமுத்து ஜன்னலோரமாக உட்கார்ந்து, மடியில் இருந்த சீர்த்தட்டின் துணி முடிச்சை அவிழ்ப்பதும் மறுபடி போடுவதுமாக இருந்தான். மதுரையிலிருந்து அழகர்கோவில் போகிற பஸ். யுத்தம் வந்து பெட்ரோல் அருமையாகிவிட்ட பிறகு, வண்டியின் முதுகில் ஓர் இரும்பு உருளையைக் கட்டி, அதில் கரியைப் போட்டு எரித்து, அந்தப் புகையில் ஓட்டினார்கள். கிளீனர் பின்னால் நின்று கைப்பிடிச் சக்கரத்தைச் சுற்றிக்கொண்டிருந்தான். சுற்றச் சுற்ற உருளை இருமியது, கனைத்தது, நடுக்கடலில் நின்றுபோன கப்பலைப் போல ஒரு பெருமூச்சு விட்டது. அதோடு சரி.

"எப்பப்பா எடுப்பீக?" என்றான் சோணைமுத்து கண்டக்டரிடம்.

"கரி பிடிக்கணும்ல அண்ணே. ஆளும் நிறையணும்."

"அதான் நிறைஞ்சு வழியுதே!"

"உங்க பக்கத்துல ஒரு ஆளுக்கு இடம் கிடக்கு பாருங்க."

சோணைமுத்துவுக்கு மேலமாசி வீதியில் ஒரு ஜவுளிக் கடையில் வேலை. துணி கிழித்துக் கொடுக்கிற வேலை. ஓரத்தில் கத்தரியால் ஒரு நறுக்கு, பிறகு ஒரே இழுப்பு. நூல் பிடித்தாற்போல் நேராகக் கிழியும். காலையிலிருந்து ராத்திரி வரை அந்தச் சத்தத்தைக் கேட்டுக் கேட்டு, உலகத்தில் எல்லாமே ஓர் இழுப்பில் நேராக வந்துவிட வேண்டும் என்ற எண்ணம் அவனுக்கு வந்துவிட்டது. வராதபோது உடம்பெல்லாம் அரிக்கும். தேள் கொட்டினால்கூடப் பொறுத்துக்கொள்வான். காதோரம் சுற்றும் ஒற்றைக் கொசுவைப் பொறுக்க மாட்டான்.

இன்றைக்கு அரிப்பு அதிகம். தங்கை செல்லத்தாயின் மகன் மருதுவுக்கு இன்று அழகர்கோவிலில் காதுகுத்து. பிள்ளையைத் தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும். மூத்தவள் காதுகுத்துக்கும் இவன்தான் மாமன். ஆனால் அன்று இதே பஸ் வழியில் நின்றுபோக, இவன் போய்ச் சேர்ந்தபோது பந்தியில் இலை எடுத்துவிட்டார்கள். யாரோ ஒன்றுவிட்ட மாமன் மடியில் வைத்துக் காரியத்தை முடித்திருந்தான் மாப்பிள்ளை காளை. அன்றிலிருந்து அந்த வீட்டில் செல்லத்தாய்க்குச் சோற்றோடு பேச்சும் கிடைத்தது. "உங்க அண்ணன் வர்றதுக்குள்ள பிள்ளைக்கு மீசை முளைச்சிரும்" என்பது காளையின் வழக்கமான கேலி. இந்தத் தடவை அவன் கேலி செய்யவில்லை. "உச்சிப் பூசை மணிக்கு முன்னால வரலைன்னா, இனிமே மாமன்னு சொல்லிக்கிட்டு என் வாசலை மிதிக்க வேணாம்" என்று சொல்லியனுப்பியிருந்தான். செல்லத்தாய் தனியாக ஆள் விட்டுச் சொன்னது வேறு: "அண்ணே, என்னால இன்னொரு தடவ பேச்சு வாங்க முடியாது. முந்தி வந்துரு."

வெயில் ஜன்னல் கம்பியைத் தொட்ட நேரத்தில் அந்தக் காலி இடத்துக்கு ஆள் வந்தது. வயதானவர். வெள்ளை வேட்டி, தோளில் துண்டு, கையில் ஒரு தகரப் பெட்டி. மூடியில் ஆணியால் புள்ளி புள்ளியாகக் குத்தி ஒரு கிளி வரைந்திருந்தது. பெட்டியை மடியில் வைத்தார். அதன் மூலை நேராக சோணைமுத்துவின் முழங்காலில் வந்து நின்றது.

"கொஞ்சம் தள்ளுங்க தம்பி."

தள்ளுவதற்கு இடம் இல்லை. பஸ் ஒரு குலுக்கலோடு கிளம்பியது.

புதூர் தாண்டுவதற்குள் பெரியவர் பொடி மட்டையை எடுத்தார். இரண்டு விரலால் கிள்ளி, மூக்கருகே கொண்டுபோய், ஏதோ யோசனை வந்தவர்போல நிறுத்தி வைத்துக்கொண்டார். அந்த நிறுத்தம்தான் சோணைமுத்துவைக் கொன்றது. போடுவதானால் போட்டுத் தொலைய வேண்டியதுதானே! கடைசியில் ஒரு பெரிய உறிஞ்சல். மிச்சப் பொடி காற்றில் பறந்து வந்து இவன் கண்ணிலும், இன்றைக்கென்று தைத்துப் போட்டிருந்த சட்டையிலும் விழுந்தது. பிறகு தும்மல். ஒன்றோடு முடிகிற தும்மல் இல்லை. இத்தோடு சரி என்று நம்ப வைத்துவிட்டு மறுபடி வருகிற தும்மல்.

"தம்பிக்கு எந்த ஊரு?"

"மதுரை."

"கல்யாணம் ஆச்சா?"

"ஆச்சு."

"பிள்ளைக?"

"இல்ல."

"ஏன்?"

சோணைமுத்து ஜன்னலுக்கு வெளியே பார்த்தான். கடச்சனேந்தல் கண்மாயில் தண்ணீர் வற்றி, கொக்குகள் சேற்றில் நின்றிருந்தன. அவற்றின் நிதானமும் அவனுக்குப் பிடிக்கவில்லை.

"தட்டும் துணியுமா இருக்கே. கோயில்ல என்ன விசேஷம்?"

"ஒண்ணுமில்ல."

"ஒண்ணுமில்லாமயா தட்டு?"

"ஒண்ணுமில்லைங்கிறேன்ல!"

பெரியவர் கோபித்துக்கொள்ளவில்லை. விரல்களை ஒவ்வொன்றாக நெட்டி முறித்தார். கட்டைவிரல் மட்டும் சொடுக்க மறுத்தது. அதை அவர் விடுவதாக இல்லை. முறுக்கினார், வளைத்தார், ஓய்வு கொடுத்தார், மறுபடி வளைத்தார். சோணைமுத்து பல்லைக் கடித்துக்கொண்டு, அந்தக் கட்டைவிரல் சொடுக்கிவிடாதா என்று அழகரை வேண்டினான்.

பொய்கைக்கரைப்பட்டித் தெப்பக்குளத்தருகே பஸ் நின்றே போனது. உருளையைக் கிளறிவிட வேண்டும், தண்ணீர் ஊற்ற வேண்டும் என்று டிரைவர் இறங்கினான். பாதிப் பேர் கூடவே இறங்கினார்கள். அழகர்மலை கண்ணுக்கு எதிரே நீலமாக நின்றது. அது அவ்வளவு பக்கத்தில் தெரிந்ததே சோணைமுத்துவுக்குப் பெரிய கொடுமையாக இருந்தது.

"தம்பி, மூஞ்சி கழுவிட்டு வந்துர்றேன். பெட்டி இருக்கட்டும், பாத்துக்கங்க" என்று பெரியவர் எழுந்தார். இடம் போகாமல் இருக்கப் பெட்டியை ஆசனத்தில் வைத்துவிட்டுத் தெப்பக்குளத்துப் படிகளை நோக்கி நடந்தார்.

உருளை சட்டென்று உயிர் பிடித்தது. "ஏறுங்க, ஏறுங்க! விட்டா அணைஞ்சிரும்!" என்று டிரைவர் கத்தினான். எல்லோரும் அடித்துப் பிடித்து ஏறினார்கள். கண்டக்டர் பின்படியில் நின்று, கூட்டத்துக்கு மேலே எட்டிப் பார்த்தான்.

"எல்லாரும் ஏறியாச்சா?"

சோணைமுத்து குளத்தின் பக்கம் பார்த்தான். பெரியவர் படியில் குந்தி, துண்டை நனைத்து, பிழிந்து, உதறி, மறுபடி நனைத்தார். வானத்தில் சூரியன் ஏறிக்கொண்டே இருந்தது. செல்லத்தாயின் முகம் நினைவுக்கு வந்தது. அந்தத் துண்டு இன்னும் ஒரு தடவை பிழியப்பட்டது.

"ஏறியாச்சு! விடுப்பா!" என்றான் சோணைமுத்து. அவன் நினைத்துச் சொல்லவில்லை. தும்மல் மாதிரி வந்துவிட்டது.

பஸ் நகர்ந்தது. காலை நீட்ட முடிந்தது. காற்றில் பொடி இல்லை. ஆனால் அந்தச் சுகம் ஒரு திருப்பம் வரைக்கும்கூட நிற்கவில்லை. பெட்டி பக்கத்தில் உட்கார்ந்து வந்தது. குலுக்கலில் அதற்குள் ஏதோ சின்னச் சின்னதாகக் கலகலத்தது. 'அடுத்த பஸ்ஸில் வருவார். இல்லையென்றால் நடந்து வரட்டும், என்ன தூரம்?' என்று சொல்லிக்கொண்டான். பெட்டியின் கிளி ஒற்றைக் கண்ணால் அவனையே பார்த்தது.

கோயில் வாசலில் இறங்கும்போது கண்டக்டர் பெட்டியைத் தூக்கி அவன் கையில் திணித்தான். "பக்கத்துல இருந்த பெரியவர் பெட்டிதானே இது? நீங்கதானே அண்ணே எல்லாரும் ஏறியாச்சுன்னீக? நீங்களே வச்சுக்கங்க. நான் பதில் சொல்ல மாட்டேன்."

ஒரு கையில் சீர்த்தட்டும் இன்னொரு கையில் பெட்டியுமாக சோணைமுத்து மண்டபத்துக்கு ஓடினான். மொட்டையடித்துச் சந்தனம் பூசிய தலையோடு மருது தாயின் இடுப்பில் இருந்தான்.

"அண்ணே! வந்துட்டியா!" என்று செல்லத்தாய் எதிரே வந்தாள்.

காளைகூடச் சிரித்தான். "அட, மச்சான் முந்திட்டாரே! மழை வரப்போகுது. காது குத்துற ஆசாரியைத்தான் இன்னும் காணோம். மதுரையில மகன் வீட்டுல இருக்காரு, வெள்ளன பஸ்ஸுக்கு வந்துர்றேன்னாரு..."

பேச்சு பாதியில் நின்றது. அவன் கண் பெட்டியின் மூடிக்குப் போயிருந்தது.

"இது பேச்சிமுத்து ஆசாரி பெட்டில்ல? கிளி போட்டிருக்கே. அவரும் உங்க கூடத்தான் வந்தாரா மச்சான்? எங்க, மூஞ்சி கழுவப் போயிருக்காரா?"

குளத்தில் விட்டுவிட்டு வந்த பெரியவர்தான் ஆசாரி என்று சோணைமுத்துவுக்கு அப்போதுதான் தெரிந்தது. மூத்தவள் காதுகுத்துக்கு வந்தவரும் இவர்தான். அன்றைக்கு இவன் வந்து சேர்வதற்குள் வேலையை முடித்துக் கிளம்பியிருந்தார். முகம் தெரியாமல் போனது அதனால்தான்.

"ஆமா மாப்ள. கழுவத்தான் போயிருக்காரு."

"கோயில்லதான் எம்புட்டோ ஆசாரிக உக்காந்திருக்காகளே, அதுல ஒருத்தரை..." என்று செல்லத்தாய் இழுத்தாள்.

"எங்க அப்பன் காதும் என் காதும் அவர் வீட்டுக் கை குத்துனது. வேற கை படக்கூடாது. மணி அடிச்சிருச்சுன்னா இன்னைக்கு நாளே போச்சு" என்றான் காளை. சிரிப்பு போய்விட்டது.

"இந்தா கூட்டியாந்துர்றேன்" என்று சோணைமுத்து தட்டையும் பெட்டியையும் இறக்கி வைத்தான். திரும்பும்போது செல்லத்தாய் அவன் முழங்கையைப் பிடித்தாள். சின்ன வயதில் அவன் செய்த கோளாறுகளையெல்லாம் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்தவள்.

"அண்ணே, என்ன பண்ணுன?" என்றாள் மெதுவாக.

அவன் கையை விடுவித்துக்கொண்டு ஓடி, பூக்கடைக்காரரைக் கெஞ்சி ஒரு சைக்கிளை வாங்கி, தெப்பக்குளத்துக்குக் கிளம்பினான்.

மிதிக்க மிதிக்கச் சாலை நீண்டது. சைக்கிளின் சங்கிலி ஒவ்வொரு சுற்றுக்கும் 'கிரீச்' என்றது. எதிரே வந்த மாட்டுவண்டிகள் எல்லாம் நடுச்சாலையில்தான் வந்தன. ஒரு வண்டிக்காரன் தூங்கிக்கொண்டே வந்தான். உலகத்தில் இவன் ஒருவனைத் தவிர யாருக்கும் எதற்கும் அவசரம் இல்லை.

தெப்பக்குளத்தருகே புளியமரத்தடியில், ஒரு மோர்க்காரியின் பானைக்கு முன்னால், பேச்சிமுத்து ஆசாரி சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார்.

"அட, தம்பியா! வாங்க. பஸ்காரன் என்னமா விட்டுட்டுப் போயிட்டான் பாத்தீகளா!"

"ஆசாரியாரே, சீக்கிரம் ஏறுங்க. மருது காதுகுத்துக்கு உங்களுக்காகத்தான் எல்லாரும் நிக்கிறாக. நான்தான் தாய்மாமன்."

"நீங்கதான் அந்த மாமனா!" பெரியவர் அவனை மேலும் கீழும் பார்த்தார். "நான் கேட்டேனே தம்பி, என்ன விசேஷம்னு. ஒண்ணுமில்லைன்னீகளே."

சோணைமுத்து சைக்கிளின் மணியைத் துடைத்தான்.

"இருங்க, இந்த மோரைக் குடிச்சுக்கிறேன்" என்றார் ஆசாரி.

குடித்தார். ஒரு வாய், ஓர் இடைவெளி, இன்னொரு வாய். சோணைமுத்து நின்றான். உள்ளங்கால் முதல் உச்சந்தலை வரை அரித்தது. "உப்புக் கொஞ்சம் தூக்கல்" என்று மோர்க்காரியிடம் ஒரு பேச்சு வளர்ந்தது. அதையும் நின்று கேட்டான்.

ஒருவழியாக ஆசாரி பின் காரியரில் ஏறி, அவன் இடுப்பைப் பிடித்துக்கொண்டார். பாதி வழியில் இடுப்பிலிருந்து ஒரு கை விலகியது. என்ன வரப்போகிறது என்று சோணைமுத்துவுக்குத் தெரிந்தது. உறிஞ்சல் கேட்டது. பிறகு முதுகில், புதுச் சட்டையின் நடுவில், முதல் தும்மல் விழுந்தது.

"பாரமா இருக்கா தம்பி?"

"இல்லைங்க."

"பஸ் கிளம்புறப்ப யாரோ 'ஏறியாச்சு'ன்னு கத்துன சத்தம் குளத்து வரைக்கும் கேட்டுச்சு. யாரா இருக்கும்?"

சங்கிலி கிரீச்சிட்டது. "கூட்டத்துல என்னத்தத் தெரியுது" என்றான் சோணைமுத்து. அதற்குப் பிறகு பெரியவர் எதுவும் கேட்கவில்லை. ஏறியதிலிருந்து கேள்வியாகவே கேட்டுக்கொண்டிருந்த மனிதர் இப்போது சும்மா வந்தது, தும்மலைவிடப் பொறுக்க முடியாததாக இருந்தது.

மண்டபத்தில் கால் வைத்தபோது மணி அடித்திருக்கவில்லை. ஆனால் பூசைக்குத் தண்ணீர் கொண்டு போய்விட்டார்கள் என்று யாரோ சொன்னார்கள். காளை பாயைக் காட்டினான். சோணைமுத்து வேர்வையும் பொடியுமாக உட்கார்ந்தான். செல்லத்தாய் பிள்ளையை அவன் மடியில் வைத்தாள். சந்தன வாசனையோடு அந்தச் சின்ன மொட்டைத் தலை அவன் மார்பில் சாய்ந்தது. அவன் கொண்டுவந்த கடுக்கனை ஆசாரி வாங்கிக் கூர் பார்த்தார். பெட்டியைத் திறந்தார். பஸ்ஸில் கலகலத்தவை சின்னக் குறடும் சுத்தியலும்தான். பிள்ளையின் காதில் மஞ்சளால் ஒரு புள்ளி வைத்தார்.

இப்போது அந்தக் கையில் ஆட்டமே இல்லை. பொடி கிள்ளும்போது நின்றது போலவே, கடுக்கனின் கம்பி புள்ளிக்கு நேரே வந்து நின்றது.

நின்றது நின்றபடியே இருந்தது. ஆசாரியின் மூக்கு லேசாகத் துடித்தது. சோணைமுத்து மூச்சைப் பிடித்தான். துடிப்பு அடங்கியது.

"மாமன் சொன்னாத்தான் குத்தணும்" என்றார் ஆசாரி. "எல்லாரும் வந்தாச்சா தம்பி?"

சோணைமுத்து வாயைத் திறந்தான்.

"அவசரமில்ல. நல்லாச் சுத்திப் பாத்துச் சொல்லுங்க."

பொடியால் சிவந்த அந்தக் கண்களில் சிரிப்பு இருக்கிறதா, வெறும் நீர்தானா என்று அவனால் கண்டுபிடிக்க முடியவில்லை. சந்நிதிப் பக்கம் யாரோ மணிக்கயிற்றைத் தொடுகிற சத்தம் கேட்டது. காளை ஒரு காலிலிருந்து மறு காலுக்கு மாறி நின்றான். சோணைமுத்து ஒவ்வொரு முகமாகப் பார்த்தான். தங்கையின் முகத்தில் வந்ததும் அவன் பார்வை அங்கே நிற்காமல் இறங்கிவிட்டது.

"வந்தாச்சுங்க" என்றான்.

கம்பி இறங்கியது. மருது வீறிட்டான். மணியும் அடித்தது. காளை தட்டைத் தூக்கிக்கொண்டு, "மாமன் சீரு, எல்லாரும் பாருங்க!" என்று சத்தம் போட்டான். செல்லத்தாய் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

பந்தி முடிந்து பஸ்ஸுக்கு நடக்கையில் ஆசாரி பின்னாலேயே வந்தார். பெட்டியை நீட்டினார்.

"முந்திப் போய் எனக்கும் ஒரு இடம் பிடிச்சு வைங்க தம்பி. உங்க பக்கத்துலயே இருக்கட்டும்."