பன்னிரண்டு வயதுக்கு மேல்

என் மகள் மாரிசெல்விக்கு இருபத்துமூன்று வயது. உடம்புக்குத்தான் அந்த வயது, புத்திக்கு மூன்றுக்கு மேல் ஏறவில்லை. தாராவியில் எங்களுக்கு ஒரே அறை. அடைபட்டுக் கிடந்தால் சுவரில் தலையை மோதிக்கொள்வாள். ஊஞ்சலில் வைத்து ஆட்டிவிட்டால் போதும், அடங்கிவிடுவாள். முழுசாகப் பேச வருவது ஒரே வார்த்தைதான். ஊஞ்சல் நின்றால், "இன்னும்" என்பாள்.

வீட்டிலேயே கட்டலாம் என்று என் வீட்டுக்காரர் பூலோகம் ஒரு தரம் கயிறு போட்டுப் பார்த்தார். தகரக் கூரையும் சேர்ந்து இறங்கப் பார்த்தது.

ஆஸ்பத்திரியில் மாத்திரை கொடுத்திருந்தார்கள். அதைப் போட்டால் பிள்ளை கண்ணைத் திறந்தபடி கிடப்பாள், கடைவாயில் எச்சில் ஒழுகும். அட்டையை அரிசி டப்பாவுக்குப் பின்னால் ஒளித்து வைத்துவிட்டேன்.

"குடுத்துத் தொலையேன்ட்டி. எல்லாருக்கும் நிம்மதி," என்றார் பூலோகம்.

"ஒமக்கு நிம்மதி. அவளுக்கு?"

ஊஞ்சலுக்காகப் பார்க் பார்க்காக அலைந்தேன். இந்த ஊரில் மரமே இல்லை என்கிறவர்கள் என்னோடு வரட்டும். மாட்டுங்கா, சயான், செம்பூர் என்று எங்கே எத்தனை ஊஞ்சல், எது கிறீச்சிடும், எதற்கு மத்தியானம் நிழல் விழும், எல்லாம் சொல்வேன். எந்த வாட்ச்மேன் எப்படி விசில் ஊதுவான் என்றும் சொல்வேன். போன இடமெல்லாம் ஒரே போர்டு. பன்னிரண்டு வயதுக்கு மேல் ஊஞ்சலில் ஏறக்கூடாது.

"பாரா சால் தக் ஹீ, மௌசி," என்பான் வாட்ச்மேன், பன்னிரண்டு வரைக்கும்தானாம். மனசு குழந்தைதான் பையா என்று எனக்குத் தெரிந்த இந்தியில் கெஞ்சுவேன். சங்கிலி அறுந்தால் யார் பொறுப்பு என்று கேட்பான். நியாயமான கேள்விதான். அதனாலேயே எனக்கு இன்னும் ஆத்திரம் வரும்.

பள்ளிக்கூட யூனிஃபார்ம் தைக்கிற பட்டறையில் நூல் பிசிறு வெட்டுவது என் வேலை. மிச்சத் துணியைக் கேட்டு வாங்கி, அவள் அளவுக்கு ஒரு பினஃபோர் தைத்தேன். ஆள் குட்டைதான். இரட்டைச் சடை பின்னி, மடித்து, சிவப்பு ரிப்பன் கட்டினேன்.

"என்னட்டி கோலம் இது?" என்றார் பூலோகம்.

"கோலமில்ல. உள்ள போறதுக்கு டிக்கெட்டு."

செம்பூரில் ஒரு பார்க்கில் வாட்ச்மேன் புதுசு. அவளை ஏற இறங்கப் பார்த்தான். நம்பினானோ, பாவம் என்று நினைத்தானோ, முகத்தைத் திருப்பிக்கொண்டான். ஓடிப்போய் ஊஞ்சலில் ஏறினாள். ஆட்டினேன். காலை நீட்டி, தலையைப் பின்னால் சாய்த்து, மேலே இருந்த தூங்குமூஞ்சி மரத்தைப் பார்த்துச் சிரித்தாள். "இன்னும், இன்னும்." என் கை வலித்தது. அப்படி ஒரு சந்தோஷம் எனக்கு அதற்கு முன் வந்ததில்லை.

நடைப் பயிற்சிக்கு வந்தவர்கள் நின்றார்கள். ஒருத்தன் செல்போனைத் தூக்கினான். அவனைப் பார்த்து இன்னும் இரண்டு பேர் தூக்கினார்கள். எல்லாரும் சிரித்தார்கள். தன்னோடு சேர்ந்துதான் சிரிக்கிறார்கள் என்று நினைத்து மாரிசெல்வியும் சிரித்தாள். போன்களுக்குக் கையாட்டினாள்.

சண்டைக்குப் போக வாயைத் திறந்தேன். அதற்குள் பட்டுக்கரைப் புடவை கட்டிய ஒரு மாமி பக்கத்தில் வந்தாள். "ஏம்மா, வயசு வந்த பொண்ணுக்கு இப்படியா வேஷம் போட்டு அழைச்சுண்டு வருவா? அவளுக்குத் தெரியாது. உனக்குத் தெரிய வேண்டாமா?" என்றாள். நல்ல மாதிரியாகத்தான் சொன்னாள். திட்டியிருந்தால் பதிலுக்குத் திட்டியிருப்பேன்.

மகளைப் பார்த்தேன். முதல் தரமாக அவர்கள் பார்க்கிற மாதிரி பார்த்தேன்.

"எறங்குட்டி."

"இன்னும்."

சங்கிலியிலிருந்து விரலை ஒவ்வொன்றாகப் பிரித்தேன். ஒன்றைப் பிரித்தால் மற்றது பிடித்துக்கொண்டது. கடைசியில் கையில் அடித்தேன். வீடு வரும்வரை பஸ் ஜன்னல் கம்பியில் தலையை மோதிக்கொண்டே வந்தாள். நெற்றி புடைத்துவிட்டது. வந்ததும் அரிசி டப்பாவை நகர்த்தினேன். பூலோகம் தண்ணீர் மொண்டு கொடுத்தார்.

இப்போது தினமும் கொடுக்கிறேன். அக்கம்பக்கத்தில் எல்லாரும் பிள்ளை நல்லாயிட்டாளே என்கிறார்கள்.

போன வாரம் அவளைக் கூட்டிக்கொண்டு செம்பூர் பஸ்ஸில் ஏறினேன். அங்கே ஒரு வேலையும் இல்லை. முன்பெல்லாம் பார்க் கேட்டைக் கண்டாலே சீட்டில் இருக்கமாட்டாள், இறங்கச் சொல்லி என் சேலையைப் பிடித்து இழுப்பாள். அன்றைக்குக் கேட் வந்தது, சும்மா உட்கார்ந்திருந்தாள். சிக்னலில் பஸ் நின்றது. அவள் தாடையைப் பிடித்துத் திருப்பினேன். வேலிக்குள் யாரோ ஒரு குழந்தை ஆடிக்கொண்டிருந்தது.

"அங்க பாரு. ஊஞ்சல்."

என் விரலைப் பார்த்தாள்.

"இன்னும்னு சொல்லுட்டி. ஒரு தரம் சொல்லு. எறங்கிப் போவோம், எவன் என்ன சொன்னாலும் போவோம்."

வாயைத் திறந்தாள். எச்சில்தான் வந்தது. முந்தானையால் துடைத்துவிட்டேன். பஸ் கிளம்பிவிட்டது.