அசல் இஞ்சின்

பேட்டரிக் கம்பியைக் கையில் பிடித்தபடி ஞானேஸ்வரி அப்படியே நின்றுவிட்டாள். கராஜுக்கு வெளியே பறை முழங்கிக்கொண்டிருந்தது. வீட்டுக்குள் அப்பா செல்லச்சாமியின் உடலைச் சுற்றிப் பெண்கள் ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்தார்கள். இவளுக்கு முன்னால் அவருடைய மொரிஸ் மைனர் பொனட்டைத் திறந்துகொண்டு நின்றது. உள்ளே இருந்தது மொரிஸின் இஞ்சின் அல்ல.

மொரிஸ் இஞ்சினுக்குரிய பச்சைப் பூச்சை வழுவழுவென்று பூசித்தான் வைத்திருந்தார். பூச்சைப் பார்த்து ஏமாற அவள் நேற்றுப் பிறந்தவளா? கட்டுகஸ்தோட்டை ரோட்டில் சொந்தமாகக் கார் பழுதுபார்க்கும் கராஜ் வைத்துப் பிழைப்பவள். அது டட்சன் இஞ்சின். ரேடியேட்டர் குழாய் பொருந்துகிற இடத்தில் அவளே வெல்டிங் செய்த கோணல் தழும்புகூட அப்படியே இருந்தது. ஏதோ ஒரு டட்சன் அல்ல, அவளுடைய டட்சன்.

அவளுக்கு முதலில் வந்தது அழுகை இல்லை. வயிறு எரிந்தது.

கண்டியில் பழைய கார்களை மலையேற்றி ஓட்டிப் பார்க்கிற பைத்தியங்கள் சேர்ந்து ஒரு கிளப் வைத்திருந்தார்கள். கடைக்காரர்கள், கிளார்க்குகள், பென்ஷன்காரர்கள். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபதுக்குப் பிறகு செய்த கார் உள்ளே வரக்கூடாது, இஞ்சின் அசலாக இருக்க வேண்டும் என்பது சட்டம். ஓட்டத்துக்கு முன் ஒவ்வொரு காரின் பொனட்டையும் திறந்து பார்த்து, இது சரி, இது சரியில்லை என்று தீர்ப்புச் சொல்கிற பெரிய மனுஷன் செல்லச்சாமிதான். அவருடைய பொனட்டை யார் திறந்து பார்ப்பது?

இரண்டு வருஷத்துக்கு முன் மகள் எழுபத்தோராம் வருஷத்து டட்சனோடு போய் நின்றபோது, எல்லோர் முன்னாலும், "இந்த ஜப்பான் தகரத்தத் தூக்கிட்டுப் போ" என்று திருப்பி அனுப்பினார். அந்த ஆத்திரத்தோடு ஓட்டிப் போனவள் தெல்தெனியப் பக்கம் ஒரு வளைவில் மதகில் மோதினாள். உயிர் தப்பியது. கார் தப்பவில்லை. அப்பா இழுத்து வந்திருந்த உடைந்த காரைக் கேட்டு வீட்டுக்கு வந்தபோது, "பழைய இரும்புக்காரனுக்குக் குடுத்தாச்சு" என்றார். அதுதான் அவர் அவளோடு பேசிய கடைசிப் பேச்சு.

அதன் பிறகு அவருடைய மொரிஸ் மலையில் பறந்தது. எழுபது வயதில் கோப்பை மேல் கோப்பை. சைலன்சரைக் கழற்றிவிட்டு அவர் போடுகிற சத்தத்தில் யாருக்கு என்ன இஞ்சின் என்று விளங்கும்! புதுசு புதுசாக வருகிற பிள்ளைகளோ டட்சன், கொரோலா, ஸ்டார்லட் என்று வரிசையில் நிற்கிறார்கள். அந்தக் கார்களையும் சேர்ப்பதா என்று வருகிற ஞாயிற்றுக்கிழமை வாக்கெடுப்பு. எதிர்ப்புக் கட்சிக்குத் தலைவராக இருந்த செல்லச்சாமி முந்தாநாள் தன் உதிரிப்பாகக் கடையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்துவிட்டார்.

"ஏய் ஞானம், கார எடுத்தியா இல்லியா?" அண்ணன் இராமநாதன் ஈர வேட்டியோடு முற்றத்தில் நின்று கத்தினான். "கிளப்காரங்க மாலையோட நிக்கிறாங்க. ஒனக்கு இந்த ஒரு வேலையத்தான் குடுத்தோம்."

கிளப்பில் ஒரு வழக்கம் உண்டு. ஓட்டக்காரர் ஒருவர் இறந்தால் பிரேதம் கிளம்புவதற்கு முன் அவருடைய கார் வாசலுக்கு வரும். தலைவர் பொனட்டைத் திறந்து இஞ்சினுக்கு மாலை போட்டு, இஞ்சின் நம்பரை உரக்க வாசிப்பார். மற்றவர்கள் ஹோர்ன் அடிப்பார்கள். அதற்குப் பிறகுதான் பாடை தூக்குவது.

நம்பரை வாசிக்கட்டும் என்று நினைத்தாள். நல்லா வாசிக்கட்டும். அவளை விரட்டிவிட்டவரின் வண்டவாளம் ஊர் முன்னால் தண்டவாளம் ஏறட்டும். ஞாயிற்றுக்கிழமை ஒரு கிழவனும் வாய் திறக்கமாட்டான். இப்போது ஓட்டுகிற ஸ்டார்லட்டோடு போய் நிற்கலாம்.

அந்த நினைப்போடுதான் வீட்டுக்குள் போனாள். கூடத்தில் அப்பா படுத்திருந்தார். நெற்றியில் விபூதி, மூக்கில் பஞ்சு. தாடையைச் சேர்த்துத் துணியால் கட்டியிருந்தார்கள். எந்தச் சண்டையிலும் கடைசி வார்த்தையை விட்டுக்கொடுக்காத வாய். இப்போது என்ன சொன்னாலும் கேட்டுக்கொண்டுதான் கிடக்க வேண்டும். திருட்டு மனுஷா, ஏன் என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை, கேட்டிருந்தால் நானே பொருத்தித் தந்திருப்பேனே என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. தலைமாட்டில் அம்மா பரிமளம் அவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.

ஞானேஸ்வரி திரும்பி நடந்தாள். பொனட்டை அடித்து மூடினாள். கராஜ் கதவை இழுத்துப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

கிளப் தலைவர் மக்கீன் ஹாஜியார் மடவளை ஊர்க்காரர், செல்லச்சாமியின் நாற்பது வருஷத்துக் கூட்டாளி. செவ்வந்தி மாலையைத் தட்டில் வைத்துக்கொண்டு வந்தவர், பூட்டைப் பார்த்து நின்றார்.

"என்ன புள்ள, ஸ்டார்ட் ஆகலியா? தொறங்க, நான் பார்க்கிறேன். ஒங்கட வாப்பாட இஞ்சின் எனக்குத் தெரியாதா? இங்கிலீஷ்காரன் செஞ்ச அசல் சாமான்."

"தொறக்க மாட்டேன், ஹாஜியார்."

"என்னது?"

"மாலையும் வேணாம், நம்பரும் வேணாம். என் காருக்கு அவரு கதவ மூடினாரு. அவரு காருக்கு நான் மூடுறேன்."

பறை நின்றது. முற்றமே திரும்பிப் பார்த்தது. இராமநாதன் பாய்ந்து வந்து அவள் கையை முறுக்கினான்.

"சாவியக் குடுடி. செத்தவரோடயும் ஒனக்கு மல்லுக்கட்டா?"

"கைய எடு அண்ணே. பூட்ட ஒடச்சா நான் இங்கயே படுத்துக்குவேன். ஏறித்தான் போகணும்."

"படுத்துக்குவா! அப்பனக் கொன்னதே இவதான். ரெண்டு வருஷமா இவள நெனச்சு நெனச்சுத்தான் அந்த நெஞ்சு வெடிச்சுது" என்று அவன் கூட்டத்தைப் பார்த்துச் சொன்னான். கூட்டம் மறுக்கவில்லை.

அம்மா கூடத்திலிருந்து எழுந்து வந்தாள். ஓங்கி ஒரு அறை விட்டாள். ஞானேஸ்வரியின் காதுக்குள் விண்ணென்றது.

"ஒனக்கு நான் என்னாடி கொறை வச்சேன்?" என்றாள் பரிமளம். "போற மனுசனுக்கு ஒரு மாலைய வாங்க விடமாட்டியா?"

சொல்லிவிடலாம். ஒரே ஒரு வார்த்தை போதும். ஞானேஸ்வரி பல்லைக் கடித்துக்கொண்டு கதவில் சாய்ந்து நின்றாள்.

மக்கீன் ஹாஜியாருக்குக் கண் கலங்கிவிட்டது.

"கேட்டுக்கோங்க புள்ள. ஞாயித்துக்கிழமை வோட்டு ஒண்டும் இல்ல. நான் உசிரோட ஈக்கும் வரைக்கும் ஒங்கட ஜப்பான் கார் அந்த மலைல ஏறாது. இன்னமொண்டும் சொல்றேன், ஒங்கட வாப்பாட கால் தூசிக்கு நீங்க வரமாட்டீங்க. அந்த மனுசன் ஒரு ஆணியக்கூட மாத்தாம ஓடினவர்."

"சரி" என்றாள் அவள்.

அவர் மாலையைக் கராஜ் பூட்டில் தொங்கவிட்டுவிட்டு, அவள் முகத்தைப் பார்க்காமல் திரும்பினார். வெளியே ரோட்டில் நின்ற பழைய கார்கள் வழக்கத்தை விடாமல் ஒன்றன்பின் ஒன்றாக ஹோர்ன் அடித்தன. நம்பர் வாசிக்கப்படவில்லை. பறை மறுபடி எழுந்தது. பாடையைத் தூக்கினார்கள். பெண்கள் கேட் வரைக்கும் ஓடி, அங்கே விழுந்து அழுதார்கள். ஞானேஸ்வரியை யாரும் கட்டிப்பிடித்து அழவில்லை. அவள் கேட் வரைக்கும் போகவும் இல்லை.

ஊர்வலம் மஹியாவை சுடுகாட்டுப் பக்கம் திரும்பிச் சத்தம் தேய்ந்த பிறகு, வீட்டைக் கழுவத் தொடங்கினார்கள். வாளி வாளியாகத் தண்ணீர் வாசலுக்கு ஓடியது.

"அவள யாரும் கூப்பிட வேணாம்" என்று அம்மா சொல்வது கேட்டது. "குளிக்கிறவ குளிக்கட்டும், குளிக்காதவ போகட்டும்."

ஞானேஸ்வரி பூட்டைத் திறந்து, மாலையை எடுத்துக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். பொனட்டைத் தூக்கினாள். மாலையை இஞ்சின்மேல் வைத்தாள். வெல்டிங் தழும்பு பூவுக்குள் மறைந்தது. இஞ்சினில் அடித்திருந்த நம்பர் அவளுக்கு மனப்பாடம். அதை மெல்ல ஒருமுறை சொன்னாள்.

பிறகு எந்த பொனட்டைத் திறந்தாலும் கை தானாகப் போகிற பழக்கத்தில் ஒயில் மட்டம் பார்க்கிற கம்பியை உருவினாள். துடைத்து, விட்டு, மறுபடி உருவிப் பார்த்தாள். மட்டம் சரியாக இருந்தது. ஒயில் புதுசு, தேன் நிறம். இந்த வாரம்தான் மாற்றியிருக்கிறார்.

கம்பியைத் திரும்பச் செருகிவிட்டு, பொனட்டை மூடி, கிணற்றடிக்குப் போனாள். தலையில் மூன்று வாளி ஊற்றிக்கொண்டாள். ஒயில் பட்ட வலது கையை மட்டும் தண்ணீர் படாமல் தூக்கிப் பிடித்திருந்தாள்.