பலகைமேல் போட்ட பழி

குடிகாரன் ஒருவன் எங்கள் படகிலிருந்து தேம்ஸ் ஆற்றில் தவறி விழுந்து செத்தான். படகுதான் குற்றவாளி என்றார்கள். எங்கள் சட்டம் அப்படி. மாடோ வண்டியோ படகோ, ஆளைக் கொன்ற பொருள் மன்னருக்குச் சொந்தம். மன்னரின் ஆட்கள் அதைப் படகுத்துறை முதலாளி தர்ஸ்டனுக்கு விற்றார்கள். அவன் அதை உடைத்து, ஆற்றங்கரைச் சுவருக்குப் பலகையாக அடிக்கத் தொடங்கினான்.

ஆட்களை அக்கரை சேர்க்கும் அந்தப் படகுதான் என் புருஷன் ஹேமோவுக்குப் பிழைப்பு. கோடரிச் சத்தம் கேட்டதும் துறைக்கு ஓடினான். நானும் பின்னாலேயே ஓடினேன்.

“நிறுத்துடா! மிச்சத்தையாவது விடு, நான் திரும்பக் கட்டிக்கிறேன்!”

“கொலைகாரப் படகுக்கு வக்காலத்தா? இனிமே ஆளுங்கள முதுகுல ஏத்திக்கிட்டு நீந்து,” என்று தர்ஸ்டன் சிரித்தான்.

ஹேமோ அவன் மூக்கில் குத்தினான். தர்ஸ்டன், தாடியில் ரத்தம் வழிய, ஆணி துருத்திய படகுப் பலகை ஒன்றைத் தூக்கி ஹேமோ தலையில் அடித்தான். விழுந்தவனை விடாமல் அடித்தான். மண்டை பிளந்தது. துறையே பார்த்துக்கொண்டு நின்றது.

மறுநாள் பிணத்தைச் சுற்றி நின்றே விசாரணை. சாவை விசாரிக்க வந்த மன்னரின் அதிகாரி கேட்டதும் அக்கம்பக்கத்தார் ஒரே பாட்டாகப் பாடினார்கள்: “பலகை சரிஞ்சு விழுந்துச்சுங்கய்யா.” அத்தனை பேரின் சரக்கும் தர்ஸ்டன் துறையில்தானே இறங்குகிறது! நான் கத்திச் சொன்னதை அதிகாரி எழுதவில்லை.

பலகையே குற்றவாளி என்று தீர்ப்பானது. அதன் விலையை மன்னருக்குக் கட்டிவிட்டு தர்ஸ்டன் கரையடிச் சேற்றில் இறங்கினான். அந்தப் பலகையையே சுவரில் வைத்துப் பிடித்துக்கொண்டு, “ஆணி அடிங்கப்பா,” என்றான்.

தச்சனின் சம்மட்டி என் காலடியில் கிடந்தது. நான் கரைமேல் நின்றேன், அவன் தலை எனக்குக் கீழே இருந்தது. எடுத்து ஓங்கிப் போட்டேன். பலகைமேலேயே சரிந்தான். கை அசைந்தது, இன்னொன்று போட்டேன். அதன்பிறகு அசையவில்லை.

இன்னும் துறையைவிட்டுக் கிளம்பாத அதிகாரி மெல்லக் கேட்டார். “சம்மட்டி கைநழுவிடுச்சாம்மா?”

“ஆமாங்கய்யா, நழுவித்தான் விழுந்துச்சு,” என்றார் பக்கத்து வீட்டு மீன்காரர். தர்ஸ்டன் செத்த மறுகணமே அக்கம்பக்கத்தாருக்கு என்மேல் பாசம் பொங்கிவிட்டது. நானும் ஓர் ‘ஆமாம்’ சொன்னால் போதும், தூக்குக் கயிறு கிடையாது.

“நழுவல. நான்தான் அடிச்சேன். அவிஸ், ஹேமோ பொண்டாட்டி. ஆனா முதல்ல இதை எழுதுங்க: ஹேமோவை அடிச்சுக் கொன்னது தர்ஸ்டன்.”

அதிகாரி தயங்கினார். அவர் எழுதி முடிக்கும்வரை நான் சம்மட்டியைக் கீழே வைக்கவில்லை.